அம்மம்மாவின் நிறம்

அன்புள்ள ஐயா,

சித்திரைப் புதுவருடத்தன்று நண்பகலில் அம்மம்மாவை எங்கள் முற்றத்து வெள்ளை மதிலுக்கு முன்னால் இருத்தி எடுத்த படத்தை இணைத்திருக்கிறேன். பெரிதாக்கிச் சட்டம் போட வேண்டும். முகம் இருண்டுவிட்டது. செயலியில் வெளுப்பாக்கினால் மாப் பூசியதுபோல் ஆகிறது. நல்ல கமரா வாங்கத்தான் வேண்டுமா?

வாசகி, கோண்டாவில்

அன்புள்ள தங்கச்சிக்கு,

கமரா வேண்டாம். கைத்தொலைபேசியே போதும்.

ஏப்ரல் நடுப்பகுதியில் யாழ்ப்பாணத்தில் நண்பகல் சூரியன் உச்சந்தலைக்கு நேரே நிற்கும். புருவத்தின் நிழல் கண்குழியிலும் மூக்கின் நிழல் மேலுதட்டிலும் விழுந்திருப்பதை உங்கள் படத்திலேயே பார்க்கலாம். போதாததற்கு வெள்ளை மதில். காட்சி முழுவதையும் நடுத்தர வெளிச்சத்துக்குக் கொண்டுவரக் கமரா முயலும். மதிலை மங்கவைக்கும்போது முகத்தையும் சேர்த்து இருட்டாக்கிவிடும்.

காலை ஒன்பது மணியளவில் அம்மம்மாவை விறாந்தைக்குக் கூட்டி வாருங்கள். வெயில் விளிம்பிலிருந்து ஒரு முழம் உள்ளே கதிரையைப் போட்டு, முற்றத்தைச் சற்றுச் சரிவாகப் பார்த்து இருக்கச் சொல்லுங்கள். திறந்த வானம் முன்னாலிருந்து ஒளி தரும். வெயில் பட்ட மணல் கீழிருந்து கண்குழியை நிரப்பும். கண்மணியில் ஒளிப்புள்ளி தெரியும்வரை கதிரையைத் திருப்புங்கள். ஒரு கன்னம் அதிகம் கறுத்தால் அந்தப் பக்கம் வெள்ளை வேட்டியை யாராவது விரித்துப் பிடிக்கட்டும். பின்னால் இருண்ட அறைவாசல் வந்தால் நல்லது. திரையில் முகத்தைத் தொட்டு வெளிச்சத்தைச் சரிசெய்யுங்கள்.

வேப்பமரத்தடி ஆசை வேண்டாம். இலைகளின் பச்சை தோலில் ஏறும். விறாந்தையில் மஞ்சள் குமிழ் எரிந்தால் அணைத்துவிடுங்கள். இரண்டு ஒளியும் கலந்தால் ஒரு கன்னம் நீலம், மற்றது செம்மஞ்சள்.

வெளுப்பாக்குவதை மட்டும் என்னால் பொறுக்க முடிவதில்லை. இங்கே கலியாண அல்பங்களைப் புரட்டுங்கள்: மணமகளின் முகம் ஒரு நிறம், கை இன்னொரு நிறம். அம்மம்மாவின் கறுப்புக்குப் போதிய ஒளி கிடைத்தால் நெற்றியிலும் கன்ன எலும்பிலும் தானாகவே மினுக்கம் வரும். சுருக்கங்களையும் தொடாதீர்கள்.

கிட்டப் போய் எடுத்ததால்தான் மூக்குப் பெருத்திருக்கிறது. இரண்டு மீற்றர் தள்ளி, அவர் கண்மட்டத்துக்குக் குனிந்து, இரண்டு மடங்கு லென்ஸில் எடுங்கள். இப்போதைய படத்தில் பாதி வெறும் மதில். கைகளோ மணிக்கட்டோடு வெட்டுப்பட்டிருக்கின்றன. மடியில் கோத்த கைகளும் படத்துக்குள் வரட்டும்.

பெரிதாக்கக் கொடுக்கும் முன் சிறியதாக ஒன்று அச்சிட்டுப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். திரையில் பிரகாசமாகத் தெரிவது தாளில் பெரும்பாலும் இருண்டே வரும்.