துப்பாக்கி கேம் ஆடும் பையன் முரடனாகிவிடுவானா?

'என் மகனுக்கு 13 வயது. எந்நேரமும் சுடுகிற கேம்தான். நிஜத்திலும் முரடனாகிவிடுவானோ?' என்று கேட்டிருக்கிறீர்கள்.

என் அண்ணன் மகனுக்கு உங்கள் பையனைவிட ஒரு வயது கூட. முழுப் பரீட்சை லீவில் ஊருக்குப் போயிருந்தேன். ராத்திரி நாலு தடவை சாப்பிடக் கூப்பிட்டுப் பார்த்த அண்ணி, வைஃபையை அணைத்துவிட்டார். பையன் விட்ட உதையில் கதவுத் தாழ்ப்பாள் கழன்று விழுந்தது. "பாத்தீங்களா, சுட்டுச் சுட்டு இப்படி ஆயிட்டான்" என்றார் அண்ணி.

மறுநாள் அவன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். பிஜிஎம்ஐ, அதாவது பப்ஜியின் இந்தியப் பதிப்பு. நூறு பேர் இறங்கி ஒருவரையொருவர் சுட, ஆடுகிற வட்டம் சுருங்கிச் சுருங்கி, கடைசியில் உயிரோடு ஏழெட்டுப் பேர்தான் மிச்சம். முந்தின நாள் வைஃபை போனது இந்தக் கட்டத்தில்தானாம். கேரமில் கடைசிக் காயைக் குறிபார்க்கும்போது யாராவது பலகையைக் கவிழ்த்தால் நானும் உதைத்திருப்பேன்.

2019இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் பிரிட்டனில் 14, 15 வயதுப் பிள்ளைகள் சுமார் ஆயிரம் பேரை ஆராய்ந்தார்கள். பிள்ளைகளின் முரட்டுத்தனத்தைப் பற்றிப் பெற்றோரிடமும் கேட்டார்கள். வன்முறை கேமுக்கும் அதற்கும் தொடர்பு தென்படவில்லை. அமெரிக்க உளவியல் சங்கம் 2020இல் சொன்னது கொஞ்சம் வேறு: கத்துவது, தள்ளுவது போன்றவற்றோடு சிறிய தொடர்பு உண்டு, ஆனால் கொலை, துப்பாக்கிச் சூட்டுக்கெல்லாம் கேமைக் காரணம் சொல்லப் போதிய ஆதாரம் இல்லை. தாழ்ப்பாள் எந்தக் கணக்கில் வரும் என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

தடையிலும் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. 2020 செப்டம்பரில் பப்ஜியைத் தடை செய்தார்கள், பையன்கள் ஃப்ரீ ஃபயருக்குப் போனார்கள். 2022இல் அதையும் தடுத்தார்கள், ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் இருந்தது. பிஜிஎம்ஐயில் ரத்தத்தைக்கூடப் பச்சையாக்கிப் பார்த்தார்கள். 18 வயதுக்குக் கீழே நாளுக்கு 3 மணி நேரம்தான், பெற்றோர் ஓடிபி வேண்டும். நம்மாள் தாத்தா நம்பரைக் கொடுத்திருக்கிறான். ஓடிபி வந்தால் அவரே கண்ணாடி போட்டு வாசித்துச் சொல்கிறார்!

என்னைத் திடுக்கிட வைத்தது வேறு. அவன் இயர்போனை வாங்கி என் காதில் மாட்டினேன். கூட ஆடும் முப்பது வயதுக் குரல் ஒன்று, இவன் அம்மாவை இழுத்துக் கெட்ட வார்த்தை பேசிக்கொண்டிருந்தது. "அது யாரோ ரேண்டம், சித்தப்பா, கண்டுக்காதீங்க" என்றான். மூன்று மணி நேரம் அதைக் கேட்கும் பிள்ளைக்குத் திரையில் தெறிக்கும் ரத்தம் ஒரு பொருட்டா?

அதனால் கேமை நிறுத்தவில்லை. வகுப்புப் பையன்களோடு மட்டும், தெரியாதவன் குரலை மியூட் செய்து, பத்து மணிக்குள் என்று பேசி முடித்தோம். அண்ணி இப்போது வைஃபையைத் தொடுவதில்லை. தோசைக்கல்லைப் போடும் முன் "இன்னும் எத்தன பேருடா உயிரோட இருக்காங்க?" என்று குரல் கொடுக்கிறார்.