கொரோனா போன்ற பெருந்தொற்றில் முகக்கவசப் பழக்கம் ஏன் நாட்டுக்கு நாடு மாறுகிறது?

பழைய அனுபவம்தான் முதல் காரணம் என்பேன். 2003-ல் சார்ஸ் என்ற சுவாசத் தொற்றுநோயில் அடிபட்ட ஹாங்காங்கில், 2020 தொடக்கத்தில் அரசு கட்டாயப்படுத்தும் முன்பே மக்கள் முகக்கவசம் போட்டுக்கொண்டார்கள். ஜப்பானில் சளி பிடித்தாலே அணிவது வழக்கம். 2023 மார்ச்சில் அரசு அவரவர் விருப்பம் என்று விட்ட பிறகும் ரயிலில் பலர் கழற்றவில்லை.

அமெரிக்காவில் சுகாதார அதிகாரிகள் முதலில் பொதுமக்களுக்கு முகக்கவசம் தேவையில்லை என்றார்கள். 2020 ஏப்ரலில் துணிக்கவசமாவது போடுங்கள் என்றார்கள். அறிகுறி இல்லாதவரும் நோயைப் பரப்புவது தெரியவந்ததால் வந்த மாற்றம் அது. அந்தக் காரணத்தைப் பொறுமையாக எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும். அப்புறம் முகக்கவசம் கட்சி அடையாளமாகவே ஆகிவிட்டது, வருத்தமான விஷயம்.

சரி, முன்பழக்கம் இல்லாத இடத்தில் முடியாதா? முடியும். 2020 மார்ச்சில் செக் குடியரசு கட்டாயமாக்கியபோது கடைகளில் தட்டுப்பாடு; மக்கள் வீட்டிலேயே தையல் மெஷினில் தைத்து அக்கம்பக்கத்தாருக்கும் கொடுத்தார்கள்.