துணி நெப்பி: தாய்மார் கேட்டவை

கேள்வி: ஜூன் மாதம் எனக்குத் தலைப்பிரசவம். பம்பர்ஸ் வாங்கிக் கட்டுப்படியாகாது. கடையில் எல்லாம் ஒன்றாகச் சேர்த்துத் தைத்த நெப்பியும் இருக்கிறது, வெறும் சதுரத் துணியும் இருக்கிறது. எதை வாங்குவது, எத்தனை வேண்டும்?
– வாசகி, மஸ்கெலியா

சதுரத் துணியை வாங்குங்கள். ஜூனில் உங்கள் பக்கம் தென்மேல் பருவமழை பிடித்துக்கொண்டால் துணி காய்வதுதான் பெரும்பாடு. கடைக்காரர் எவ்வளவு உறிஞ்சும் என்பதைத்தான் சொல்வார். எவ்வளவு சீக்கிரம் காயும் என்பதை நீங்கள்தான் பார்க்க வேண்டும். சேர்த்துத் தைத்ததில் பல அடுக்குத் துணியும் அதற்கு வெளியே நீர் புகாத உறையும் ஒன்றாக இருக்கும். மேலே தொட்டால் காய்ந்த மாதிரித் தெரியும், நடு அடுக்கு அடுத்த நாளும் சில்லென்று கிடக்கும். அதைக் கட்டினால் புழுங்கல் நாற்றம்தான். சதுரத் துணி அப்படியில்லை. கட்டும்போது பல மடிப்பு, கொடியில் விரிக்கும்போது ஒரே மடிப்பு.

60 முதல் 70 சென்றிமீற்றர் சதுரமான பருத்தித் துணி போதும். பிறந்த குழந்தைக்கு ஒரு நாளைக்கு 10, 12 தடவை மாற்ற வேண்டிவரும். இன்றைக்குக் கட்ட 12, நேற்றுத் துவைத்துக் கொடியில் கிடப்பவை 12, முந்தாநாள் துவைத்தவை 12 என்று பார்த்தால் 36 துணி இருந்தால் மழையிலும் சமாளிக்கலாம். எல்லாவற்றையும் காசு கொடுத்து வாங்கத் தேவையில்லை. பழைய வேட்டி, நூல் சேலை இருந்தால் கிழித்து, இரண்டாக மடித்து, ஓரம் அடித்துக்கொள்ளுங்கள். வெட்டுமுன் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். சொட்டு அப்படியே முத்துப்போல நின்றால் அது நைலெக்ஸ் கலந்த துணி; நெப்பிக்கு உதவாது.

மேலே போட நீர் புகாத உறை ஐந்தாறு வேண்டும். மலம் படாவிட்டால் துடைத்துக் காற்றாட விட்டு அதையே திரும்பப் போடலாம். பட்டன் மாற்றி மாற்றிப் பெரிதாக்கும் உறை, மூன்று கிலோ குழந்தையின் தொடையில் தொளதொள என்றிருக்கும். ஆகவே முதலில் சின்ன அளவில் மூன்று மட்டும் எடுங்கள்.

புதுப் பருத்தியில் எண்ணெய்ப் பசையும் கஞ்சியும் இருக்கும். நான்கைந்து தடவை சுடுதண்ணீரில் அலசிக் காயப்போட்ட பிறகுதான் நன்றாக உறிஞ்சும். அதனால் இந்த வேலையை ஏப்ரல் வெயிலிலேயே முடித்துவிடுங்கள். தொப்புள் விழும்வரை முன்பக்கத்தை அதற்குக் கீழே மடித்துக் கட்டுங்கள். கால்கள் தவளைக்கால்போல் அகன்று மடங்க இடம் இருக்கட்டும். நேராக இழுத்துச் சுற்றினால் இடுப்பு மூட்டுக்கு நல்லதல்ல.

கேள்வி: ஆறு மாதக் குழந்தை. காலையில் நெப்பியை அவிழ்த்தால் கண் எரிகிற மாதிரி நெடி. சவர்க்காரக் கட்டி போட்டுத் தேய்க்கிறேன், கிருமிநாசினியில் முக்குகிறேன், வாசனைத் திரவமும் விடுகிறேன். போகவில்லையே?
– வாசகி, தலவாக்கலை

அந்த நெடி அமோனியா. துணிக்குள் தங்கிவிட்ட பக்டீரியா, சிறுநீரிலுள்ள யூரியாவை உடைப்பதால் வருகிறது. அதாவது துணி மேலே வெளுக்கிறது, உள்ளே வெளுக்கவில்லை. கட்டிச் சவர்க்காரம் இழைக்குள் படிந்துவிடும். துணியை மெதுமெதுப்பாக்கும் வாசனைத் திரவம் இழையின்மேல் பூச்சாக ஒட்டி உறிஞ்ச விடாமல் செய்யும். கிருமிநாசினி சரியாக அலசப்படாவிட்டால் பிள்ளையின் தோலை அரிக்கும். மூன்றையும் நிறுத்துங்கள்.

இரவு நெப்பியைக் காலையில் அவிழ்த்ததுமே பச்சைத் தண்ணீரில் அலசிவிடுங்கள். மலம் பட்டதையும் முதலில் பச்சைத் தண்ணீரில்தான் அலச வேண்டும். எடுத்த எடுப்பில் சுடுதண்ணீர் விட்டால் கறை இழையில் பிடித்துக்கொள்ளும். பிறகு கை பொறுக்கும் சூடுள்ள தண்ணீரில், பெக்கட்டில் அழுக்கு அதிகமான துணிக்கென்று போட்டிருக்கும் அளவு சவர்க்காரத்தூளைக் கரைத்து, அரை மணி நேரம் ஊறவைத்துக் கசக்குங்கள். குழந்தைத் துணிதானே என்று தூளைக் குறைப்பதும் நெடிக்கு ஒரு காரணம். நுரை நிற்கும்வரை அலசுங்கள். மூன்று தண்ணீராவது போகும். ஏற்கெனவே ஏறிவிட்ட நெடிக்கு, பருத்தித் துணிகளை மட்டும் ஒரு தடவை பானையில் போட்டுப் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு அலசலாம். உறையையும் இலாஸ்டிக்கையும் கொதிக்க வைத்தால் அன்றோடு சரி.

இன்னொன்று. மலத்தை மலசலகூடத்தில் தட்டிவிட்டு, முதல் அலசல் தண்ணீரையும் அங்கேயே ஊற்றுங்கள். எல்லோரும் தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் அலசினால், கீழே இருக்கும் லயத்து வீடுகளுக்குப் போகும் தண்ணீரில்தான் அது கலக்கும்.

கேள்வி: மழை நாளில் அடுப்புக்கு மேலே கயிறு கட்டிக் காயப்போடச் சொல்கிறார் மாமியார். சரியா?
– வாசகி, பண்டாரவளை

மாமியார் சொல்லும் சூடு நல்லதுதான், புகைதான் கூடாது. விறகுப் புகையின் கரி துணியில் ஏறி அப்படியே பிள்ளையின் தோலுக்குப் போகும். எரியும் அடுப்புக்கு நேர்மேலே துணி அறுந்து விழுந்தால் லயத்தில் ஒரு காம்பராவோடு நிற்காது. சமையல் முடிந்து, தீக்கொழுந்து அணைந்து, தணல் மட்டும் இருக்கும்போது, அடுப்பிலிருந்து மூன்றடி தள்ளிப் பக்கவாட்டில் கட்டுங்கள். ஆள் இருக்கும்போது மட்டும்.

அதற்கு முன்னால் பிழிவதைச் சரியாகச் செய்தால் பாதி வேலை முடிந்தது. பிழிந்த நெப்பியைக் காய்ந்த துவாயில் வைத்துச் சுருட்டி மிதியுங்கள். கையால் பிழிந்தும் மிஞ்சிய தண்ணீர் துவாய்க்கு வந்துவிடும். பிறகு இஸ்தோப்பில் (முன் திண்ணையில்) ஒற்றை மடிப்பாக, துணிக்குத் துணி ஒரு சாண் இடைவெளி விட்டுப் போடுங்கள். கடைசியில் லேசான ஈரம் இருந்தால் ஆவி நிற்கும்வரை அயர்ன் பண்ணலாம், பருத்தியை மட்டும். உங்கள் பக்கம் ஜூலை, ஆகஸ்டில் வெயிலும் காற்றும் இருக்கும். கறைபட்டதை ஈரத்தோடு வெயிலில் போட்டால் கறை தானாக மங்கும். ஐப்பசி, கார்த்திகைக்குத்தான் இந்தப் பாடெல்லாம்.

கேள்வி: உள்ளே பட்டை செருகும் பை வைத்த நெப்பியில் இரண்டு மைக்ரோஃபைபர் (நுண்ணிய செயற்கை இழை) பட்டை வைத்தும் இரவில் தொடைப்பக்கம் ஒழுகுகிறது.
– வாசகி, ஹட்டன்

இரண்டு வைப்பதால்தான் ஒழுகுகிறது. மைக்ரோஃபைபர் சட்டென்று உறிஞ்சும், ஆனால் பிள்ளை அழுத்திப் படுத்தால் பிழிந்த மாதிரி திருப்பி விட்டுவிடும். தடிமன் கூடினால் தொடையில் இடைவெளியும் விழும். மேலே ஒரு பட்டை, அதன் கீழே நீளமாக மடித்த பருத்திச் சதுரம் ஒன்று வையுங்கள். பட்டையைப் பைக்குள்ளேதான் வைக்க வேண்டும். தோலில் நேரே பட்டால் வறட்சியும் சிவப்பும் வரும். இலாஸ்டிக் தொடை இடுக்கு மடிப்பில் உட்காரட்டும், தொடைக்குக் கீழே இறங்கக் கூடாது. துணி ஓரம் நூலளவு வெளியே தெரிந்தாலும் அது வழியாக ஈரம் சட்டைக்கு ஏறும்.

கேள்வி: குளிருக்கு மூடி மூடி வைத்து இப்போது அடியெல்லாம் சிவந்திருக்கிறது. கிரீம் பூசலாமா?
– வாசகி, நுவரெலியா

பகலில் இரண்டு, மூன்று மணிக்கொருமுறை மாற்றுங்கள். மலம் போனால் உடனே. வெதுவெதுப்பான வெறும் தண்ணீரில் கழுவி, ஒற்றித் துடைத்து, அறை சூடாக இருக்கும் நேரம் பார்த்துச் சற்று நேரம் திறந்து விடுங்கள். பவுடர் வேண்டாம், அது மூச்சோடு உள்ளே போகும். சிங்க் கிரீம் பூசலாம். ஆனால் அது துணியில் ஒட்டினால் உறிஞ்சாது, எளிதில் போகவும் மாட்டாது. பழைய மெல்லிய பருத்தித் துண்டு ஒன்றை இடையில் வைத்து, அதைத் தனியாகத் துவையுங்கள். இடுக்கு மடிப்புக்குள் கடும் சிவப்பும் சுற்றிலும் சின்னச் சின்னப் பொட்டுகளும் இருந்தால் அது பூஞ்சணமாக இருக்கலாம். சிங்க் கிரீமுக்குக் கேட்காது. டொக்டரிடம் காட்டி மருந்து வாங்குங்கள், ஆறும்வரை துணிகளைக் கொதிக்க வையுங்கள். கொப்புளம், சீழ், காய்ச்சல் இருந்தால் அன்றைக்கே காட்ட வேண்டும்.

கேள்வி: வேலைக்குப் போகும்போது பிள்ளையை விட்டுப்போகும் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவுக்குத் துணி நெப்பி கொடுத்தனுப்பலாமா?
– வாசகி, பொகவந்தலாவை

முதலில் அங்கே பிள்ளை பார்ப்பவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மடித்து உறைக்குள் வைத்து, பம்பர்ஸ்போல அப்படியே போடும்படி ஐந்து கொடுங்கள். மூன்று, நான்குதான் செலவாகும், மிச்சம் கையிருப்பு. ஊக்கு வேண்டாம். அழுக்குக்கு வாய் இறுக்கும் பை ஒன்று தனியாக. சாயங்காலம் பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்ததும் அந்தப் பையை அவிழ்த்து அலசிவிடுங்கள்; விடியும்வரை மூடிக் கிடந்தால் தலவாக்கலைக்காரர் கேட்ட நெடிதான் உங்களுக்கும்.