மண்டபத்துக்காரரே சமைக்க வேண்டுமா?

கேள்வி: அக்கா, பானஸ்வாடியில் பாட்டு வகுப்பு நடத்துகிறேன். கொரோனா சமயத்தில் ஆரம்பித்த ஆன்லைன் வகுப்புக்கு இப்போது சிங்கப்பூர், நியூஜெர்சியிலிருந்தெல்லாம் பிள்ளைகள் வருகிறார்கள். வர்ணம், கீர்த்தனைப் பாடங்களை ரெகார்ட் செய்து ஒரு ஆப்பில் போட்டு மாதம் 500 ரூபாய் சந்தா வைக்கலாம் என்று பார்த்தால், அதில் 75 ரூபாய் கூகுளுக்கு என்கிறான் ஆப் செய்து தருகிற பையன். பக்கத்து வீட்டு அம்மா இட்லி மாவு விற்க ஆப் வைத்திருக்கிறார், அவரிடம் ஒரு பைசா பிடிப்பதில்லையாம். இதென்ன நியாயம்? வேறு வழியே இல்லையா?
— ஒரு பாட்டு டீச்சர், பானஸ்வாடி

பதில்: பையன் சொன்ன கணக்கு சரிதான். மாவு, ஆட்டோ சவாரி, சினிமா டிக்கெட் இதற்கெல்லாம் பிளே ஸ்டோர் கமிஷன் கேட்பதில்லை. போனுக்குள்ளேயே விற்று, போனுக்குள்ளேயே அனுபவிக்கிற சரக்குக்குத்தான் கேட்கும்: உங்கள் பாடம், ஆடியோ கதை, விளையாட்டில் வாங்குகிற காசு. ஆப்பிளிலும் இதே பிரிவினைதான். வருஷத்தில் முதல் பத்து லட்சம் டாலர் வரை 15 சதவீதம், அதைத் தாண்டினால் 30 என்று 2021ல் கூகுள் கொண்டுவந்தது. (பத்து லட்சம் டாலரைத் தொடுகிற அன்று எனக்கு முன் வரிசையில் ஒரு டிக்கெட் எடுத்து வையுங்கள்.)

கல்யாண மண்டபம் பிடிக்கப் போனால் "சமையலும் எங்கள் ஆள்தான்" என்பார்களே, அதே கதைதான் இது. நாம் சண்டை போட்டால், "சரி, உங்கள் சமையல்காரரையே கூட்டி வாருங்கள், ஆனால் இலைக்கு இவ்வளவு எங்களுக்கு" என்று இறங்கி வருவார்கள். இங்கேயும் அதுதான் நடந்தது. பணம் கட்டுவது தன் வழியாகத்தான் என்று கூகுள் கட்டாயப்படுத்தியதற்காக நமது போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் 936.44 கோடி ரூபாய் அபராதம் போட்டது. 2025 மார்ச்சில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அதை 216.69 கோடியாகக் குறைத்தது. இதற்கு நடுவில் கூகுள் ஒரு சலுகை தந்தது: உங்கள் சொந்தப் பேமென்ட் வசதியையும் ஆப்பில் வைத்துக்கொள்ளலாம், அந்த வழியில் வரும் பணத்துக்குக் கமிஷனில் 4 சதவீதம் குறைவு. அதாவது 500 ரூபாயில் 75க்குப் பதில் 55. பேமென்ட் கம்பெனிக்கு நீங்கள் தனியாகக் கட்டுவதைக் கழித்தால் மிஞ்சுவது பஸ் டிக்கெட் காசு.

வாடகை கேட்பதைக்கூட நான் பெரிய குற்றமாகச் சொல்ல மாட்டேன். இடம் அவர்களுடையது, ஆள் வருவதும் அவர்களால்தான். எனக்கு உறுத்துவது, வாடகை வாங்குகிறவரே தீர்ப்பும் சொல்வதுதான். 2024 மார்ச் முதல் தேதி, கமிஷன் தகராறில் சில இந்தியக் கம்பெனிகளின் ஆப்களை பிளே ஸ்டோர் தூக்கிவிட்டது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட பாரத் மேட்ரிமோனி அதில் இருந்தது, வேலை தேடித் தருகிற நௌக்ரி இருந்தது. மாப்பிள்ளை தேடுகிற ஆப்பையே ஒரு வெள்ளிக்கிழமை தேட வேண்டியதாயிற்று. மத்திய அமைச்சர் தலையிட்ட பிறகு சில நாளில் எல்லாம் திரும்பி வந்தன. பெரிய கம்பெனிக்கு அமைச்சர் பேசுவார். உங்களுக்கும் எனக்கும் யார் பேசுவார்?

நான் வேலை பார்த்த இடத்தில், கர்ப்பிணிகளுக்கான ஒரு சின்ன ஆப்பின் அப்டேட்டை ஒரு ஸ்டோர் திருப்பி அனுப்பியது. "உங்கள் செயலியின் விவரங்கள் பயனரைத் தவறாக வழிநடத்துகின்றன" என்று ஒரு மெயில். எந்த வரி, எந்தப் படம் என்று கேட்டு எழுதினால் அதே மெயில் முற்றுப்புள்ளி மாறாமல் திரும்பி வரும். கீழே ஒரு ஆள் பெயர் கிடையாது, போன் நம்பர் கிடையாது. கடைசியில் ஒரு ஸ்கிரீன்ஷாட்டில் பழைய கலர் பட்டன் இருந்ததை நாங்களே யூகித்து மாற்றினோம். அதுதான் காரணமா என்று இன்று வரை தெரியாது. இன்னொரு கடை இருந்திருந்தால் அங்கே போயிருப்போம். நாங்கள் போய்விடுவோம் என்று தெரிந்திருந்தால் இவர்களும் ஒழுங்காகப் பதில் எழுதியிருப்பார்கள். போட்டி வேண்டும் என்று நான் சொல்வது இதற்காகத்தான், 75 ரூபாய்க்காக மட்டுமில்லை.

இப்போதைக்கு நீங்கள் செய்ய வேண்டியது: ஆப்புக்குள் விற்பனையே வைக்காதீர்கள். சந்தாவை உங்கள் வெப்சைட்டில் வாங்குங்கள், இங்கிருப்பவர்களுக்கு யூபிஐ, நியூஜெர்சிக்காரர்களுக்கு கார்டு. ஆப் என்பது லாகின் செய்து பாடம் கேட்க மட்டும். இதற்கு பிளே ஸ்டோர் விதியிலேயே இடம் இருக்கிறது. "இந்த வெப்சைட்டில் போய்ப் பணம் கட்டுங்கள்" என்று ஆப்புக்குள் எழுதிவிடாதீர்கள், அது மட்டும் கூடாது. உங்கள் வாட்ஸாப் குழுவில் தாராளமாகச் சொல்லுங்கள்.

கேள்வி: அம்மா, நான் எச்.ஏ.எல்.லில் இருந்து ஓய்வு பெற்றவன். போன மாதம் எங்கள் தெருவில் ஒருவருக்கு டிராஃபிக் சலான் என்று வாட்ஸாப்பில் ஒரு ஃபைல் வந்தது. திறந்தார், அக்கவுன்ட் காலி. ஒரே ஸ்டோர் இருக்கும்போதே இந்தக் கதி. போன இதழில் நீங்கள் "ஸ்டோர்களுக்குள் போட்டி வேண்டும்" என்று எழுதியது பொறுப்பில்லாத பேச்சு. எங்களைப் போன்ற வயசானவர்களுக்கு ஆப் ஒரே இடத்திலிருந்து மட்டும் வருவதுதான் நல்லது.
— ஒரு மூத்த வாசகர், விமானபுரா

பதில்: ஐயா, உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. அந்த ஃபைல் எப்படி வேலை செய்கிறது என்று பார்த்தால் நாம் எங்கே வேறுபடுகிறோம் என்று தெரியும்.

அது பெரும்பாலும் தெரிந்தவர் நம்பரிலிருந்துதான் வரும், ஏனென்றால் அவர் போன் ஏற்கெனவே போய்விட்டது. ஃபைல் பெயரில் ஆர்டிஓ, சலான் என்று ஏதாவது இருக்கும், கடைசியில் .ஏபிகே, அதாவது அது ஒரு ஆண்ட்ராய்டு ஆப். தொட்டவுடன் ஆண்ட்ராய்டு தடுக்கும்: வாட்ஸாப்பிலிருந்து ஆப் போட அனுமதி இல்லை, செட்டிங்ஸுக்குப் போகிறீர்களா? அங்கே ஒரு பட்டனைத் தள்ளினால் உள்ளே வந்துவிடும். வந்ததும் எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்கும். கொடுத்தால் ஓடிபி எல்லாம் அவன் கைக்குப் போகும். ஐகான்கூடத் திரையிலிருந்து மறைந்துவிடும், ஆப் உள்ளே ஓடிக்கொண்டிருக்கும்.

இது எந்த ஸ்டோரிலிருந்தும் வரவில்லை என்பதை முதலில் கவனியுங்கள். பிளே ஸ்டோருக்குப் போட்டியாக நாலு ஸ்டோர் வந்திருந்தாலும் வராவிட்டாலும் அந்த வாட்ஸாப் ஃபைல் வந்திருக்கும். 2025ல் கூகுள் ஒரு கணக்குச் சொன்னது: பிளே ஸ்டோரில் இருப்பதைவிட, இன்டர்நெட்டிலிருந்து நேராகப் போடுகிற ஆப்களில் கெட்டது 50 மடங்குக்கும் மேல் என்று. நம்புகிறேன். ஆனால் அது ஒரு கடையை மொத்த இன்டர்நெட்டோடு ஒப்பிட்ட கணக்கு. ஒழுங்காக நடக்கிற இன்னொரு கடையோடு ஒப்பிட்டால் என்ன வரும் என்று அது சொல்லவில்லை.

அந்த ஒரே இடமாவது சுத்தமாக இருந்ததா? உடனடிக் கடன் தருகிறேன் என்று காண்டாக்ட் லிஸ்டை உருவி, சொந்தக்காரர்களுக்கெல்லாம் அசிங்கமாக மெசேஜ் அனுப்பிய ஆப்கள் நினைவிருக்கிறதா? 2022 செப்டம்பரிலிருந்து 2023 ஆகஸ்ட் வரை மட்டும் 2,200க்கும் மேற்பட்ட கடன் ஆப்களை பிளே ஸ்டோரிலிருந்து கூகுள் நீக்கியதாக அரசே பாராளுமன்றத்தில் சொன்னது. நீக்கினார்கள் என்றால் அதுவரை அங்கே இருந்தன என்றுதானே பொருள்.

இதில் எனக்கு எரிச்சல் தருவது அந்த எச்சரிக்கைத் திரை. இண்டஸ் ஆப்ஸ்டோர் என்று போன்பே நடத்துகிற ஒரு ஸ்டோர் இருக்கிறது, தலைமை அலுவலகம் நம்ம பெங்களூரு. அதை பிளே ஸ்டோரில் தேடினால் வராது. அவர்கள் வெப்சைட்டிலிருந்து இறக்கிப் போட்டால், சலான் திருடன் ஃபைலுக்கு வந்த அதே திரைதான் வரும். முகவரியும் கம்பெனிப் பதிவும் உள்ளவனுக்கும், ஊர் பேர் தெரியாதவனுக்கும் ஒரே எச்சரிக்கை. இதைப் பார்த்துப் பார்த்து ஜனங்கள் என்ன கற்றுக்கொள்கிறார்கள்? "இந்தத் திரை எப்போதும் வரும், பட்டனைத் தள்ளிவிட்டுப் போ" என்று. உங்கள் தெருக்காரரும் அப்படித்தான் தள்ளியிருப்பார்.

மற்ற ஸ்டோர்களையும் பிளே ஸ்டோருக்குள் வைக்க வேண்டும் என்று போட்டி ஆணையம் 2022ல் கூகுள் மீதான இன்னொரு வழக்கில் உத்தரவு போட்டது. 2023 மார்ச்சில் தீர்ப்பாயம் அந்த வழக்கின் 1,337.76 கோடி அபராதத்தை அப்படியே வைத்துவிட்டு, இது உட்பட நான்கு உத்தரவுகளை ரத்து செய்தது. என்னைக் கேட்டால் தலைகீழாகச் செய்திருக்க வேண்டும். அபராதம் கூகுளுக்குக் கொசுக்கடி. ஸ்டோர் நடத்துகிறவன் யார் என்று பதிவு செய், அவன் கடையில் கெட்ட ஆப் வந்து ஒருவர் பணம் போனால் அவனைப் பொறுப்பாக்கு, அதற்கு ஒத்துக்கொள்பவனை நேராக உள்ளே விடு. வாட்ஸாப்பில் வருகிற ஃபைலை எவ்வளவு வேண்டுமானாலும் இறுக்கு, நான் குறுக்கே நிற்க மாட்டேன். 2024 கடைசியில் கூகுள் இந்தியாவில் ஒரு ஏற்பாட்டைச் சோதித்துப் பார்க்கத் தொடங்கியது. பிரவுசர், வாட்ஸாப் வழியாக வருகிற ஆப் எஸ்எம்எஸ் படிக்கவோ நோட்டிபிகேஷன் பார்க்கவோ கேட்டால் போடவே விடாது. இதைக் கைதட்டி வரவேற்கிறேன், இது ஆப்பின் நடத்தையைப் பார்த்துத் தடுக்கிறது.

உங்கள் போனில் இன்றைக்கே ஒரு வேலை செய்யுங்கள். செட்டிங்ஸின் தேடல் கட்டத்தில் 'அன்நோன் ஆப்ஸ்' என்று தேடுங்கள். வாட்ஸாப், குரோம், ஃபைல்ஸ் மூன்றுக்கும் அனுமதி மூடியிருக்கிறதா என்று பாருங்கள். சலான் சந்தேகம் வந்தால் பரிவாஹன் வெப்சைட்டிலோ பெங்களூரு போலீஸின் அஸ்திரம் ஆப்பிலோ வண்டி நம்பரைப் போட்டுப் பாருங்கள், அபராதம் எதுவும் ஃபைலாக வராது. அந்த நண்பர் பேங்க்குக்குப் போவதற்கு முன்பே சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்குக் கூப்பிட்டிருக்க வேண்டும். இனி யாருக்காவது நடந்தால் முதலில் அதைச் செய்யச் சொல்லுங்கள்.

கேள்வி: புது ரெட்மி போனில் 'இண்டஸ்' என்று ஒன்று தானாகவே உட்கார்ந்திருக்கிறது. வைரஸா?
— ஸ்ரீராமபுரம் வாசகி

பதில்: இல்லைம்மா, மேலே சொன்ன அதே ஸ்டோர்தான். 2024 பிப்ரவரியில் டெல்லியில் தொடங்கினார்கள், தமிழிலும் இருக்கிறது. ரெட்மி போன் செய்கிற ஷாவ்மி தன் சொந்த ஸ்டோரை எடுத்துவிட்டு இதை வைக்க ஆரம்பித்தது. இதுவும் கேட்காமல் வைத்ததுதான், அது எனக்குப் பிடிக்கவில்லை. வேண்டாமென்றால் நோட்டிபிகேஷனை நிறுத்திவிட்டு மறந்துவிடுங்கள்.

கேள்வி: ஸ்டுட்கார்ட்டில் இருக்கும் என் மகன் ஐபோனில் வேறு ஸ்டோர் போட்டிருக்கிறான். என் ஐபோனில் ஏன் முடியவில்லை?
— இந்திராநகர் வாசகர்

பதில்: மகன் ஐரோப்பிய யூனியனில் இருக்கிறார், அதனால்தான். அங்கே ஒரு சட்டம் 2024 மார்ச் 7 முதல் ஆப்பிளைக் கட்டாயப்படுத்தியது. ஐஓஎஸ் 17.4லிருந்து ஆல்ட்ஸ்டோர் மாதிரி வெளி ஸ்டோர்கள் வந்தன. ஆப்பிள் சும்மா விடவில்லை. புது நிபந்தனைகளில், ஒரு ஆப் வருஷத்தில் பத்து லட்சம் இன்ஸ்டாலைத் தாண்டினால், அதற்கு மேல் ஒவ்வொன்றுக்கும் அரை யூரோ என்று கட்டணம் வைத்தது. வெளியே மலிவாகக் கிடைக்கும் என்று வாடிக்கையாளரிடம் சொல்லத் தடை போட்டதற்காக 2025 ஏப்ரலில் 50 கோடி யூரோ அபராதமும் வாங்கியது. இங்கே 2021ல் ஆப்பிள் மீது போட்டி ஆணையத்துக்குப் போன புகார் விசாரணை, வழக்கு என்று நடந்து கொண்டிருக்கிறது.

மகன் தீபாவளிக்கு வந்து போனால் பிரச்சினை இல்லை. நீண்ட நாள் இங்கே தங்கினால், அந்த ஸ்டோரிலிருந்து போட்ட ஆப்கள் ஓடும், ஆனால் அப்டேட் வராமல் நின்றுவிடும்.

கேள்வி: அக்கா, நான் கல்லூரி மாணவன். எஃப்-டிராய்டு என்ற வெளி ஸ்டோரில் கிடைக்கும் இலவச ஆப்களைத்தான் பயன்படுத்துகிறேன். கூகுளின் புது விதியால் இதெல்லாம் நின்றுவிடும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். நிஜமா?
— கோரமங்களா

பதில்: தம்பி, 2025 ஆகஸ்டில் கூகுள் அறிவித்தது இதுதான்: ஆப் எங்கிருந்து வந்தாலும் சரி, எழுதியவர் தன் அடையாளத்தைக் கூகுளிடம் பதிவு செய்திருக்க வேண்டும். 2026 செப்டம்பரில் பிரேசில், இந்தோனேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து, அப்புறம் 2027 முதல் மற்ற நாடுகள். எஃப்-டிராய்டு கடுமையாக எதிர்த்தது. நவம்பரில், ஆபத்தைப் புரிந்துகொண்டு போடுகிறவர்களுக்கு ஒரு வழி வைக்கிறோம் என்று கூகுள் கொஞ்சம் இறங்கியது.

ஆப் எழுதியவர் யார் என்று தெரிய வேண்டும் என்பதில் எனக்குப் பாதி சம்மதம், மேலே பெரியவருக்கு எழுதியதைப் படித்தால் ஏன் என்று புரியும். ஆனால் போட்டிக் கடைக்காரன் தன் சரக்கை விற்க முதல் கடைக்காரனிடமே போய்ப் பதிவு செய்ய வேண்டுமாம், அதில் துளியும் சம்மதமில்லை. வேறு ஒரு பொது அமைப்பு பதிவு செய்யட்டும்.

உன் ஆப்கள் நாளைக்கே நின்றுவிடாது. ஒன்று மட்டும் கவனி. எஃப்-டிராய்டிலிருந்து போட்ட ஆப்பைப் பிளே ஸ்டோர் வழியாக அப்டேட் செய்யப் பார்த்தால் பெரும்பாலும் முடியாது, இரண்டு இடத்திலும் டிஜிட்டல் கையெழுத்து வேறு. பழையதை நீக்கிவிட்டுத்தான் புதிதாகப் போட வேண்டியிருக்கும், நீக்கும்போது உள்ளே இருப்பதும் போய்விடும். நோட்ஸ், பாஸ்வேர்ட் எதுவானாலும் முதலில் எக்ஸ்போர்ட் செய்து வைத்துக்கொள்.