கெர்பல் ஸ்பேஸ் புரோகிராமில் என் ராக்கெட் ஏன் நடுவானில் கவிழ்கிறது? கணக்கு வராதவர்களால் நிலவில் இறங்க முடியுமா?

10 கிலோமீட்டர் வரை நேராகப் போகிறது, சாய்த்ததும் தலைகீழாகப் புரள்கிறது, கணக்கில் அரியர் வைத்தவன் நான், ராக்கெட் கட்டிப் பறக்கவிடுகிற இந்தக் கம்ப்யூட்டர் விளையாட்டு எனக்கு ஒத்துவருமா என்று கேட்டிருக்கிறீர்கள். அரியர் என்ற வார்த்தையைப் பார்த்ததும் பதில் எழுத உட்கார்ந்துவிட்டேன், நானும் அதே ஆள்தான்.

முதலில் கவிழ்வதைப் பற்றி. நீங்கள் 2013, 2014 வாக்கில் வந்த பழைய வீடியோ ஏதோ பார்த்துப் பழகியிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அப்போதெல்லாம் 10 கிலோமீட்டர் நேராக ஏறு, உடனே 45 டிகிரி சாய் என்பதுதான் எல்லோரும் சொன்ன வழி. 2015 ஏப்ரலில் 1.0 பதிப்பு வந்தபோது காற்றின் கணக்கையே மாற்றிவிட்டார்கள், அதற்குப் பிறகு அப்படிச் சாய்த்தால் காற்று பக்கவாட்டில் அறைந்து புரட்டிவிடும். கிளம்பி வேகம் வினாடிக்கு 50, 60 மீட்டரைத் தொட்டதுமே 5 டிகிரி மட்டும் கிழக்கே சாயுங்கள். அப்புறம் அதுவாகச் சாயும். திரையின் கீழே உள்ள திசை உருண்டையில், ராக்கெட் போகும் திசையைக் காட்டுகிற பச்சை வட்டத்துக்குள்ளேயே மூக்கை வைத்திருங்கள், 10, 12 கிலோமீட்டரில் தானாகவே 45 டிகிரிக்கு வந்து நிற்கும். அடியில் நான்கு இறக்கைகள் கட்டாயம். தீபாவளி ராக்கெட்டில் குச்சியை உடைத்துவிட்டு விட்டால் என்ன ஆகும் என்று பார்த்திருப்பீர்கள், அதே கதைதான், கனம் முன்னால் இருக்க வேண்டும், காற்று பிடிக்கிற பாகம் பின்னால் இருக்க வேண்டும். கிளம்பும்போது தள்ளுவிசை எடையைப் போல ஒன்றரை மடங்குக்குள் இருந்தால் போதும். ஹேமர் என்ற திட எரிபொருள் பூஸ்டர் மாட்டியிருந்தால் கட்டும் இடத்திலேயே அதன் விசையைக் குறைத்து வைக்கலாம்.

சரி, கணக்கு. இதற்குத்தான் கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன்.

எனக்கு ஊர் தேவகோட்டைப் பக்கம். 2020 மார்ச்சில் சென்னையிலிருந்து கம்ப்யூட்டரோடு வீட்டுக்கு வந்தவள், வீட்டின் இரண்டாம் கட்டு அறை ஒன்றில் அதை வைத்து பகலில் ஆபீஸ் வேலை, ராத்திரி கெர்பல். 30 வயதுக்கு மேல் ஒரு பெண் ராத்திரி 11 மணிக்கு வீடியோ கேம் ஆடினால் சொந்தக்காரர்கள் என்ன பேசுவார்கள் என்று சொல்லவேண்டியதில்லை. அப்பச்சி மட்டும் ஒன்றும் சொல்லவில்லை, அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். அவர் லேவாதேவிக் கடையில் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, அடுத்தாளாகி, மேலாளாக இருந்து ஓய்வு பெற்றவர். பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார்.

ஒரு மாதம் மல்லாடி, விளையாட்டில் வரும் மன் என்ற நிலவில் ஜெப் என்ற விண்வெளி வீரனை இறக்கினேன். நான் கத்திய கத்தலில் ஆத்தா எழுந்து வந்துவிட்டார்கள். கொடி நட்டாகிவிட்டது, படம் எடுத்தாகிவிட்டது, திரும்பக் கிளம்பலாம் என்று பார்த்தால் டாங்கியில் மிச்சமிருந்தது வினாடிக்கு 400 மீட்டர் வேகத்துக்கான எரிபொருள்தான். மன்னிலிருந்து சுற்றுப்பாதைக்கு ஏறவே 580 வேண்டும். அப்பச்சி கேட்டார், "ஏத்தா, திரும்பி வர்ற செலவுக்கு எடுத்து வைக்காமயா அவனை அனுப்புன?" இல்லை என்றேன். "எவ்வளவு செலவாகும்னு எழுதிப் பாக்கலையா?" அதுவும் இல்லை.

மறுநாள் காலையில் நீளவாக்கில் மடித்த பழைய பேரேட்டு நோட்டு ஒன்றை எடுத்து வந்தார். ஒவ்வொரு இடத்துக்கும் எவ்வளவு வேகம் செலவாகும் என்று கேட்டுக் கேட்டுப் பற்றில் எழுதினார். விளையாட்டின் பூமியான கெர்பினிலிருந்து சுற்றுப்பாதைக்கு 3400. அங்கிருந்து மன்னுக்கு 860. மன்னைச் சுற்ற 310. இறங்க 580. ஏற 580. ஊர் திரும்ப 310. கடைசியில் இறங்குவதற்குக் காற்று இருக்கிறது, பாராசூட் இருக்கிறது, செலவில்லை. அடியில் கோடு போட்டு 6040 என்று எழுதிவிட்டு அதற்குக் கீழே "கைச்செலவு 600" என்று சேர்த்தார். டெல்டா-வி என்று ஆயிரம் வீடியோக்களில் சொல்கிறார்களே, அது இந்த ஒரு பக்கம்தான்.

பற்று ஆயிற்று, வரவு? அதற்குத்தான் சூத்திரம் வேண்டும். 1903-இல் சியோல்கோவ்ஸ்கி என்ற ரஷ்யப் பள்ளி ஆசிரியர் எழுதி வெளியிட்டது. எஞ்சின் எரிபொருளை எவ்வளவு சிக்கனமாக எரிக்கிறது என்று காட்டும் ஐஎஸ்பி எண்ணை 9.81-ஆல் பெருக்கி, அதை எரிபொருள் நிறைந்த எடைக்கும் தீர்ந்த எடைக்கும் உள்ள விகிதத்தின் இயற்கை லாகரிதத்தால் பெருக்க வேண்டும். லாகரிதம் என்றதும் எனக்குக் கல்லூரி ஞாபகம் வந்துவிட்டது. மூன்று முறை அரியர் எழுதினேன். எதற்கு இது என்று வகுப்பில் எழுந்து கேட்டதற்கு, பரீட்சைக்கு வரும், மனப்பாடம் பண்ணு என்று உட்கார வைத்தார்கள். அந்தக் கோபம் இன்றைக்கும் எனக்கு உண்டு.

அப்பச்சிக்கு லாகரிதம் புத்தகம் பார்க்கத் தெரியும். அதில் இருப்பது பத்தடிமான லாகரிதம், அதனால் வருவதை 2.303-ஆல் பெருக்கிக்கொள்ள வேண்டும் என்று மட்டும் சொன்னேன். டெரியர் எஞ்சினுக்கு வெற்றிடத்தில் ஐஎஸ்பி 345. 9.81-ஆல் பெருக்கினால் 3384. நிறைந்த எடை காலி எடையைப் போல 2 மடங்கு இருந்தால் 2346 கிடைக்கிறது. 4 மடங்கு என்றால் 4692. 8 மடங்கு என்றால் 7038. மூன்று வரி எழுதியதும் பேனாவை வைத்துவிட்டார். "இது வட்டிக்கு வட்டித்தா. 12 வட்டிக்கு விட்டா ஆறு வருஷத்துல ரெட்டிப்பு, 12 வருஷத்துல நாலு, 18-ல எட்டு. நீ கேக்குற வேகம் வருஷம் மாதிரி, எடை முதல் மாதிரி. கூடக் கேட்டா ரெட்டிக்கிட்டேதான் போகும்."

எனக்கு அந்த நிமிஷம் உடம்பு சிலிர்த்தது. நாலு வருஷம் பொறியியல் படித்து எனக்குப் புரியாத ஒன்றை, பத்தாவது தாண்டாத மனிதர் மூன்று வரியில் பிடித்துவிட்டார். ராக்கெட்டை ஏன் அடுக்கடுக்காகக் கட்டிக் கழற்றிப் போடுகிறோம் என்பதற்கும் அவர் சொன்னதுதான் எனக்கு விளக்கம்: காலி டாங்கி வராக்கடன், கணக்கிலிருந்து தள்ளிவிடு, அதற்கும் வட்டி கட்டிக்கொண்டிருக்காதே. எஃப்எல்-டி400 டாங்கி நிறைந்தால் 2.25 டன், காலியாக 0.25 டன். அந்தக் கால் டன்னை மன் வரைக்கும் தூக்கிப்போனால் என்ன ஆகும் என்று நீங்களே மேலே உள்ள கணக்கில் போட்டுப் பாருங்கள்.

ராக்கெட்டைத் தானாக ஓட்டுகிற மெக்ஜெப் என்ற கூடுதல் மென்பொருளைப் போட்டால் அதுவே எல்லாம் செய்துவிடுமே, எதற்கு நோட்டு என்று கீழே யாராவது எழுதுவார்கள். போட்டுக்கொள்ளுங்கள், தப்பே இல்லை. விளையாட்டிலேயே இப்போது டெல்டா-வி எண்ணைக் காட்டுகிறதே என்பதும் தெரியும். காட்டுகிற எண் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் அதைக் கூட்டவோ குறைக்கவோ எனக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

அந்த நோட்டை வைத்து மீட்புக் கப்பல் கட்டினேன். ஆளில்லாமல் ஓட்ட ஒரு கருவி, ஜெப்புக்கு ஒரு காலி இருக்கை, கால்களை அகலமாக விரித்துத் தாழ்வாக ஓர் உருவம். உயரமாகக் கட்டினால் பள்ளச் சரிவில் உருண்டுவிடும், அதையும் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். மன்னுக்கு மேலே 3 கிலோமீட்டரில் இறங்கிக்கொண்டிருந்தபோது கரண்ட் போய்விட்டது. யுபிஎஸ் இரண்டு முறை கத்திவிட்டு அணைந்தது. அரை மணி நேர வேலை போச்சு. எஃப்5 அழுத்தி அடிக்கடி சேமியுங்கள், இறங்கும் முன் கண்டிப்பாக.

இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. எங்கள் வீட்டுக்கு ஒன்பது பங்கு. இரண்டாம் கட்டுக்கு வருகிற ஒயர் அந்தக் காலத்து ஒயர், மாலையானால் வோல்டேஜ் இறங்கிவிடும், மோட்டார் போட்டால் கம்ப்யூட்டர் அணையும். ஒயரிங் மாற்ற, மும்முனை இணைப்பு வாங்க, பங்காளிகள் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். எட்டுப் பேர் போட்டாயிற்று. ஒருவர் வெளிநாட்டில் இருக்கிறார், வருஷத்துக்கு ஒரு தடவை முன்னோருக்குப் படைக்கிற படைப்புக்கு வந்து, வளவு என்கிற நடு முற்றத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, யோசிச்சுச் சொல்றேன் என்று போகிறார். முழு வீட்டையும் பெருக்கித் துடைத்து ஓடு மாற்றுவது இங்கே இருக்கிற நாங்கள். 74 வயது மனிதர் வேர்வையில் உட்கார்ந்திருக்கிறார், ஒரு கையெழுத்துக்கு மூன்று வருஷம் எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை.

சரி, ஜெப்பை மறுநாளே மீட்டுவிட்டேன். 2 கிலோமீட்டர் தள்ளித்தான் இறங்கியது, ஜெட்பேக்கில் பறந்து வந்து ஏறிக்கொண்டான். கெர்பின் கடலில் விழுந்தபோது நோட்டில் கைச்செலவுக்கு எதிரே அப்பச்சி "மிச்சம் 210" என்று எழுதினார்.

2023 ஆகஸ்ட் 23 சாயங்காலம் சந்திரயான்-3 இறங்கியதை வளவில் டிவி வைத்துத் தெருவே பார்த்தது. 30 கிலோமீட்டர் உயரத்தில் தொடங்கி, கிடைமட்ட வேகம் வினாடிக்கு 1.68 கிலோமீட்டரிலிருந்து குறையக் குறைய அப்பச்சி பக்கத்து வீட்டு அண்ணனிடம் சொல்லிக்கொண்டே இருந்தார், "கீழ இறங்குறது பெருசில்லப்பா, பக்கவாட்டு ஓட்டத்தை அடக்கணும், அதுக்குத்தான் எண்ணெய்ச் செலவெல்லாம்." ஜூலை 14-இல் கிளம்பியது ஏன் 40 நாள் எடுத்தது என்று அந்த அண்ணன் கேட்டதற்கும் அவரே பதில் சொன்னார், பூமியைச் சுற்றிச் சுற்றிப் பாதையைக் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டிக்கொண்டு போனால் சின்ன ராக்கெட்டை வைத்தே போய்விடலாம் என்று. விக்ரம் தரையைத் தொட்டதும் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

உங்கள் ராக்கெட்டின் படத்தைக் கட்டும் இடத்திலிருந்தே எடுத்துப் போடுங்கள், எடை மையம் காட்டும் மஞ்சள் உருண்டையும் தூக்கு மையம் காட்டும் நீல உருண்டையும் தெரிகிற மாதிரி. நீலம் மஞ்சளுக்குக் கீழே இருக்க வேண்டும். ஒவ்வோர் அடுக்கின் எடையையும் எழுதுங்கள், நோட்டில் போட்டுப் பார்த்துச் சொல்கிறேன்.