ஜாங்கோ டெஸ்டில் க்வெரி எண்ணிக்கை: கேள்வி பதில்

கேள்வி: ஜாங்கோவில் (பைதான் வெப் ஃபிரேம்வொர்க்) ஒரு பக்கம் டேட்டாபேஸிடம் எத்தனை க்வெரி கேட்கிறது என்று சரிபார்க்க அசர்ட்நம்க்வெரீஸ்(2) என்று எழுதினேன், டெஸ்ட் பாஸ். லைவில் அதே பக்கம் நூற்றுக்கணக்கில் க்வெரி அடிக்கிறதே?

பதில்: டெஸ்டில் ஒரே ஒரு புத்தகம் உருவாக்கியிருப்பீர்கள். புத்தகத்துக்கு ஒன்று, ஆசிரியருக்கு ஒன்று, ஆக 2. என்+1 கோளாறு (பட்டியலுக்கு ஒன்று, பிறகு ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒன்று என்று க்வெரி பெருகுவது) இருந்தும் கண்ணில் படாது. குறைந்தது 3 வரிசை (ரோ, அதாவது 3 புத்தகம்) வையுங்கள். இப்போது 4 வரும். செலக்ட்_ரிலேட்டட் (ஆசிரியரையும் அதே க்வெரியில் எடுப்பது) சேர்த்தால் 1 ஆகும். ஃபாரின் கீயை (புத்தகத்திலிருந்து ஆசிரியரைச் சுட்டும் புலம்) நல் ஆக, அதாவது காலியாக, விடாதீர்கள். நல் என்றால் ஜாங்கோ டேட்டாபேஸுக்கே போகாது, டெஸ்ட் உங்களை ஏமாற்றும். மூன்றுக்கும் ஒரே ஆசிரியர் இருந்தாலும் மூன்று முறை கேட்கும்.

கேள்வி: பிரீஃபெட்ச்_ரிலேட்டட் (தொடர்புடைய வரிசைகளை ஒரே தனி க்வெரியில் முன்கூட்டி எடுப்பது) போட்டும் குறையவில்லை.

பதில்: லூப்புக்குள் ஃபில்டர் இருக்கிறதா? எடுத்து வைத்ததை ஆல்() பயன்படுத்தும். ஃபில்டர் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்கும். ஃபில்டரை பிரீஃபெட்ச் ஆப்ஜெக்டின் க்வெரிசெட்டுக்குள் கொண்டுபோய், முடிவை வைக்கும் பெயராக டு_ஆட்ர் கொடுங்கள்.

கேள்வி: எதிர்பார்த்ததைவிட 2 கூடுதலாக வருகிறது.

பதில்: டெஸ்ட் தோற்கும்போது க்வெரிகளை அப்படியே அச்சிடுகிறது, அதைப் படியுங்கள். லாகின் செய்த பயனர் என்றால் செஷனுக்கு ஒன்று, பயனருக்கு ஒன்று. உள்ளே அட்டாமிக் (டிரான்சாக்ஷன் பிளாக்) இருந்தால் சேவ்பாயின்ட், ரிலீஸ் சேவ்பாயின்ட் இரண்டும் கணக்கில் சேரும்.

கேள்வி: கனெக்‌ஷன்.க்வெரீஸ் (ஓடிய க்வெரிகளின் பட்டியல்) காலியாக இருக்கிறது.

பதில்: டெஸ்ட் ஓடும்போது டீபக் இயல்பாக அணைந்திருக்கும், அதனால் க்வெரிகள் பதிவாகாது. கேப்சர்க்வெரீஸ்கான்டெக்ஸ்ட் பயன்படுத்துங்கள்.

கேள்வி: துல்லியமான எண் வேண்டாம் என்பேன். ஒரு மிடில்வேர் (ஒவ்வொரு கோரிக்கையிலும் இடையே ஓடும் குறியீடு) சேர்த்தால் எல்லா டெஸ்டும் உடைகிறது. பைடெஸ்ட்‑ஜாங்கோவில் (பைடெஸ்ட் டெஸ்ட் கருவிக்கான ஜாங்கோ இணைப்பு) அதிகபட்ச எண் வைக்கலாமே?

பதில்: 20 என்று வைத்தால் 6 மெல்ல 19 ஆகும், யாருக்கும் தெரியாது. நான் பரிந்துரைப்பது ஒப்பீடு. அதே பக்கத்தை 2 வரிசையோடு ஒரு முறை, 10 வரிசையோடு ஒரு முறை எண்ணுங்கள். இரண்டும் சமமாக வர வேண்டும். மிடில்வேர் வந்தாலும் இரண்டிலும் ஒரே அளவு ஏறும், டெஸ்ட் உடையாது. 0 வரிசையோடு ஒப்பிடாதீர்கள்: பட்டியல் காலி என்றால் பிரீஃபெட்ச் க்வெரியே போகாது. பக்கத்துக்கு 2 வரிசைதான் என்று பேஜினேஷன் (பட்டியலைப் பக்கங்களாகப் பிரிப்பது) வெட்டினாலும் ஒப்பீடு வீண். எண்ணுவதற்கு முன் ஒரு முறை சும்மா அழைத்துவிடுங்கள்; கன்டென்ட்டைப் (ஜாங்கோ மாடல்களின் பட்டியலை வைக்கும் டேபிள்) முதல் தடவை மட்டும் க்வெரி அடித்து, பிறகு கேஷில் இருந்துவிடும்.

கேள்வி: அதே ஆள்தான். தேவையில்லாத 5 க்வெரி இரண்டிலும் இருந்தால் ஒப்பீடு பிடிக்காதே?

பதில்: பிடிக்காது, ஒப்புக்கொள்கிறேன். அதிகம் பேர் திறக்கும் நாலைந்து பக்கங்களுக்குத் துல்லியமான எண், மற்றவற்றுக்கு ஒப்பீடு.

கேள்வி: டெஸ்ட் பாஸ், லைவில் மெதுவாக இருக்கிறது. ஒரு வரிசைதான் வைத்திருக்கிறேன்.

பதில்: முதல் பதில். 3 வரிசை.

கேள்வி: ரெயில்ஸில் (ரூபி வெப் ஃபிரேம்வொர்க்)?

பதில்: என் துறையில்லை. 6.1 முதல் ஸ்ட்ரிக்ட்_லோடிங் (தேவைப்படும்போது தானே க்வெரி போவதைத் தடுப்பது) இருக்கிறது, அதிலிருந்து தொடங்குங்கள்.

கேள்வி: ரிக்வெஸ்ட்ஃபேக்டரியோடு (டெஸ்டுக்குப் போலிக் கோரிக்கை உருவாக்கும் கருவி) வியூவை நேரடியாக அழைத்தால் 0 காட்டுகிறது.

பதில்: டெம்ப்ளேட்ரெஸ்பான்ஸ் உடனே டெம்ப்ளேட்டை ஓட்டாது, க்வெரி போவதே அங்கேதான். க்வெரி எண்ணும் வித் பிளாக்குக்குள்ளேயே ரெஸ்பான்ஸ்.ரெண்டர்() அழையுங்கள். வரிசை 3 இருக்கட்டும்.