கல்லீரல் புற்றுநோய் முற்றிவிட்ட அப்பாவை முதல் கட்ட மருந்துச் சோதனையில் சேர்க்கலாமா?

சேர்க்கலாம். ஆனால் அந்தச் சோதனை எதைக் கண்டுபிடிக்க நடக்கிறது என்பதை அப்பாவும் நீங்களும் புரிந்துகொண்ட பிறகு சேருங்கள். நான் டாக்டர் இல்லை. குலசேகரம் பக்கம் ரப்பர் வெட்டிக்கொண்டிருந்த என் சித்தப்பாவோடு 2022-ல் இதே கேள்வியோடு அலைந்தவன்.

சித்தப்பா வாழ்நாளில் ஒரு சொட்டு குடித்ததில்லை. கல்லீரல் என்றதும் ஊரில் பாதிப் பேர் "ஒளிச்சுக் குடிச்சிருப்பாரு" என்று முடிவு கட்டிவிட்டார்கள். உண்மையான காரணம், அவருக்கே தெரியாமல் பல வருஷம் உடம்பில் தங்கியிருந்த ஹெபடைட்டிஸ் பி வைரஸ். கண்டுபிடித்தபோது கட்டி கல்லீரலுக்குப் போகும் பெரிய ரத்தக்குழாய்க்குள் நுழைந்திருந்தது. ஆபரேஷனுக்கு வழியில்லை என்று சோராஃபெனிப் மாத்திரை கொடுத்தார்கள்.

2007-ல் அமெரிக்காவில் இந்த நோய்க்கு அனுமதி பெற்ற மருந்து அது. 602 பேரை வைத்து நடந்த சோதனையில், மருந்தில்லாத மாத்திரை சாப்பிட்டவர்களில் பாதிப் பேர் 7.9 மாதம் தாண்டினார்கள். மருந்து சாப்பிட்டவர்களில் பாதிப் பேர் 10.7 மாதம். வித்தியாசம் மூன்று மாதம்கூட இல்லை. அதற்குப் பிறகு பத்து வருஷத்துக்கு முதல் சிகிச்சையாக வேறு மருந்து வரவில்லை என்றால் இந்த நோய் எப்படிப்பட்டது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது வாரம் சித்தப்பாவின் உள்ளங்கை சிவந்து கொப்புளம் கட்டியது. கத்தி பிடிக்கிற இடத்தில், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில், முப்பது வருஷமாகக் காய்த்துப்போயிருந்த தோல் அப்படியே கழன்று வந்தது. சோற்றைப் பிசைய முடியாமல் ஸ்பூன் கேட்டார். இந்த மருந்துக்கு இது வழக்கமான பக்கவிளைவுதான் என்று டாக்டர் அளவைப் பாதியாக்கினார். அடுத்த ஸ்கேனில் கட்டி வளர்ந்திருந்தது. அப்போதுதான் ராத்திரி ரயிலில் போகிற தூரத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் முதல் கட்டச் சோதனை நடப்பதாகச் சொன்னார்கள்.

முதல் கட்டம் என்றால் மருந்து நோயைக் குணமாக்குமா என்று பார்ப்பது என நாங்கள் நினைத்துப் போனோம். அங்கே முதலில் பார்ப்பது, எவ்வளவு மருந்தை மனித உடம்பு தாங்கும் என்பதை. பழைய, பரவலான முறையில் மூன்று பேருக்குச் சின்ன அளவு கொடுத்து மூன்று நான்கு வாரம் கவனிப்பார்கள். பெரிய கோளாறு இல்லையென்றால் அடுத்த மூன்று பேருக்குக் கூடுதல் அளவு. முதல் மூவரில் சேர்கிறவருக்குக் கிடைப்பது வேலையே செய்யாத அளவாக இருக்கலாம். கடைசியில் சேர்கிறவருக்கு மருந்தே பாரமாகலாம். சம்மதப் படிவத்தில் இது இருந்தது, ஆனால் "மருந்தளவு உயர்த்தல் குழு" என்கிற தமிழில். சித்தப்பா அதை இரண்டு தடவை படித்துவிட்டு டாக்டரிடம் ஒரே கேள்விதான் கேட்டார்: "எனக்கு முன்னாடி மூணு பேருக்குக் குடுத்திருப்பீங்கல்லா? அவங்களுக்கு என்ன ஆச்சு?" அங்கே கேட்கப்பட்டதிலேயே நல்ல கேள்வி அதுதான். டாக்டரும் மழுப்பாமல், இரண்டு பேருக்குக் கடும் சோர்வு, ஒருவருக்குக் கல்லீரல் பாதிப்பைக் காட்டும் என்சைம் ரத்தத்தில் ஏறியது என்று சொன்னார். நீங்களும் இதைக் கேளுங்கள்.

எதிர்பார்ப்புக்கு ஒரு கணக்கு: 1991 முதல் 2002 வரை அமெரிக்காவில் எல்லா வகைப் புற்றுநோய்க்கும் நடந்த 460 முதல் கட்டச் சோதனைகளைத் தொகுத்துப் பார்த்ததில், நூற்றுக்குப் பதினொரு பேருக்குக் கட்டி கணிசமாகச் சுருங்கியது. மருந்தின் நச்சால் இறந்தவர்கள் இருநூற்றுக்கு ஒருவர். அந்தப் பதினொன்றில் ஒருவராக அப்பா இருக்கலாம். மீதி எண்பத்தொன்பதில் இருக்கவே வாய்ப்பு அதிகம். ஆரம்பத்தில் நல்ல பெயர் வாங்கியதெல்லாம் நிலைப்பதுமில்லை. நிவோலுமாப் என்ற மருந்து ஆரம்பச் சோதனையில் ஐந்தில் ஒருவருக்குக் கட்டியைச் சுருக்கியது. அதை வைத்து 2017-ல் கல்லீரல் புற்றுநோய்க்கு அமெரிக்காவில் விரைவு அனுமதி கிடைத்தது. சோராஃபெனிப்போடு நேருக்கு நேர் ஒப்பிட்டபோது உறுதியாக மிஞ்ச முடியவில்லை. தனி மருந்தாக அந்த அனுமதி 2021-ல் போய்விட்டது. இன்னொரு பக்கம், 2020-ல் வந்து நிலைத்த அடெசோலிசுமாப்–பெவாசிசுமாப் மருந்துக் கூட்டும் இப்படி ஒரு ஆரம்பச் சோதனையில் தலைகாட்டியதுதான். அந்தக் கூட்டை உங்கள் அப்பாவுக்கு ஏற்கெனவே கொடுத்துப் பார்த்தார்களா? இல்லையென்றால் ஏன் என்று சோதனைக்கு முன்னால் கேளுங்கள்.

சித்தி ஒரேயடியாக எதிர்த்தார். "எலிக்குப் பதிலா மனுசனா?" சும்மா வந்த பயமில்லை. 1999-2000 வாக்கில் நமக்குப் பக்கத்தில் திருவனந்தபுரத்தில் வாய்ப்புற்று நோயாளிகளுக்கு உரிய அனுமதியில்லாத மருந்து கொடுக்கப்பட்ட விவகாரம் 2001-ல் வெடித்தது இந்தப் பக்கம் பலருக்கு ஞாபகம் இருக்கும். இப்போது 2019-ன் மருந்துச் சோதனை விதிகள் இருக்கின்றன. சோதனையால் உடம்புக்குக் கேடு வந்தால் இலவச சிகிச்சை, இழப்பீடு இரண்டும் உண்டு. மருந்து வேலை செய்யவில்லை என்பதற்காக மட்டும் இழப்பீடு கேட்க முடியாது. எந்த நாளிலும் காரணம் சொல்லாமல் விலகலாம். அரசின் சோதனைப் பதிவேடான சி.டி.ஆர்.ஐ.யில் பதிவெண் இருக்கிறதா என்று பாருங்கள். சோதனை மருந்துக்கே காசு கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

சித்தப்பா கையெழுத்துப் போட்டார். "எனக்குக் கேக்காட்டாலும் அவங்களுக்கு ஒரு கணக்கு கிடைக்கும்லா மக்களே" என்றார். பழைய மருந்து உடம்பை விட்டு இறங்க இரண்டு வாரம் எல்லா மாத்திரையையும் நிறுத்தினார்கள், வைரஸ் மாத்திரையைத் தவிர. கை ஆறியது. மூன்று நாள் விடியக்காலையில் தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போய்ப் பால் வெட்டிவிட்டு வந்தார். அந்த இரண்டு வாரம் எங்களுக்கு லாபம். ஆனால் அந்த இடைவெளியில் கட்டியும் சும்மா இருக்காது என்பதை மறக்கக்கூடாது.

முதல் நாள் மணிக்கணக்கு வைத்து ஆறு தடவை ரத்தம் எடுத்தார்கள். எட்டாவது வார ஸ்கேனில் கட்டி வளர்ந்திருந்ததால் வெளியே வந்தோம். அப்புறம் நான்கு மாதம் இருந்தார், வீட்டிலேயே, மார்ஃபின் மாத்திரையோடு. வலி நிவாரண சிகிச்சையைச் சோதனை முடியட்டும் என்று நாங்கள் தள்ளிப்போட்டது தப்பு. இரண்டும் ஒன்றாக நடக்கலாம்.

இதையெல்லாம் யோசிப்பதற்கு முன்னால் ஒன்று. பெரும்பாலான சோதனைகளில் ஆளைச் சேர்ப்பதா வேண்டாமா என்பதைக் கட்டியின் அளவைவிட மிச்சமிருக்கிற நல்ல கல்லீரல்தான் முடிவு செய்யும். பொதுவாக ரத்தத்தில் பிலிரூபின் (மஞ்சள் காமாலையில் ஏறுகிற நிறமி) 2-க்குள், அல்புமின் (கல்லீரல் செய்கிற புரதம்) ரொம்ப இறங்காமல், வயிற்றில் நீர் இல்லாமல், ஆள் எழுந்து நடமாடிக்கொண்டு இருக்க வேண்டும். கீழாநெல்லிச் சாறு, வைத்தியர் லேகியம் ஏதாவது ஓடிக்கொண்டிருந்தால் அதையும் டாக்டரிடம் மறைக்காதீர்கள். உங்கள் கேள்வியில் அப்பாவின் பிலிரூபின் எவ்வளவு என்று இல்லை. கடைசி ரத்தப் பரிசோதனைத் தாளை முதலில் எடுத்துப் பாருங்கள்.